தெரியாது என்றால் விட்டுவிடுவார்களா?

மலையடிவாரத்தில் ஒரு கிராமம். காட்டை ஒட்டிச் சோளக் கொல்லைகள். இரவானால் காட்டுப் பன்றிகள் வரும். ஒரே இரவில் பாதிக் கொல்லையைக் கிளறிப் போட்டுவிட்டுப் போகும்.

அந்த ஊரில் ஒரு பெரியவர் இருந்தார். அவரிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. குழாயின் வாய் வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் பழைய துப்பாக்கி. பன்றிகள் வந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார். பன்றிகள் ஓடிவிடும். அதற்கு அவரிடம் லைசென்ஸ் இருந்தது. லைசென்ஸ் புத்தகத்தைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தார்.

பெரியவர் இறந்துபோனார். மகன் துப்பாக்கியை எடுத்துப் பரணில் வைத்தார். அதோடு அதை மறந்தார். ஐந்து ஆண்டுகள் கழிந்தன. பக்கத்துக் காட்டுக்காரரோடு ஒரு வரப்புத் தகராறு வந்தது. யாரோ போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். போலீசார் வந்தார்கள். பரணிலிருந்து துப்பாக்கியை இறக்கினார்கள்.

“இதற்கு லைசென்ஸ் எங்கே?”

மகன் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தார். துணியைப் பிரித்தார்.

“இதோ இருக்குதுங்க.”

சப்-இன்ஸ்பெக்டர் புத்தகத்தைப் புரட்டினார்.

“இது உன் அப்பா பேரில் இருக்கிறது. இதன் தேதியும் எப்போதோ முடிந்துவிட்டது. உன் பேரில் எங்கே?”

“என் பேரில் வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதுங்க. அப்பாவுடையது வீட்டுக்கே செல்லும் என்று நினைத்தேன். நான் இதை ஒரு தடவை கூடச் சுட்டதில்லை.”

இது ஓர் ஊரில் நடந்த சம்பவம் அல்ல. விளக்கத்துக்காகச் சொல்லும் கதை. ஆனால் நம் நாட்டில் எந்த மாநிலத்திலும், எந்த மலையடிவாரத்திலும் இது நடக்கலாம். பரணில் பழைய துப்பாக்கி கிடக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

மகன் சொன்னது பொய் அல்ல. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அப்படியானால் அவரை விட்டுவிடுவார்களா?

இன்னொருவரின் கதையையும் கேளுங்கள். இதுவும் விளக்கத்துக்காகத்தான்.

ஒருவர் வேலை தேடி நகரத்துக்குப் பஸ்ஸில் போகிறார். பஸ் நிலையத்தில் தெரிந்தவர் ஒருவர் வருகிறார். “அண்ணே, இந்தப் பையை அங்கே என் மச்சானிடம் கொடுத்துவிடுங்கள். துணிமணிதான்” என்கிறார். இவரும் வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார். வழியில் போலீஸ் சோதனை. பையைத் திறந்தால் துணிக்கு நடுவே ஒரு கைத்துப்பாக்கி.

இவரும் சொல்கிறார்: “எனக்குத் தெரியாதுங்க.”

இரண்டு பேரும் சொல்வது ஒரே சொல்தான். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு இவை இரண்டும் வேறு வேறு. முதல் ஆளுக்குத் துப்பாக்கி இருப்பது தெரியும். சட்டம்தான் தெரியாது. இரண்டாவது ஆளுக்குத் துப்பாக்கி இருப்பதே தெரியாது. இந்த வித்தியாசம் புரிந்தால் பாதிச் சட்டம் புரிந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வது ஒரு உரிமை அல்ல. அரசு கொடுக்கும் அனுமதி. அந்த அனுமதிதான் லைசென்ஸ். தமிழில் உரிமம் என்றும் எழுதுவார்கள்.

1857-ல் வெள்ளையருக்கு எதிராகப் பெரும் கிளர்ச்சி நடந்தது. அதன் பிறகு அவர்கள் இந்தியர் கையில் ஆயுதம் இருப்பதைக் கண்டு பயந்தார்கள். 1878-ல் ஓர் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார்கள். விடுதலைக்குப் பிறகு அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு, 1959-ல் நம் நாடாளுமன்றம் புதிய ஆயுதச் சட்டம் இயற்றியது. அது 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பல முறை திருத்தப்பட்டு இன்றும் அதுதான் இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் 3-வது பிரிவு, லைசென்ஸ் இல்லாமல் யாரும் துப்பாக்கியை வாங்கவோ, வைத்திருக்கவோ, எடுத்துச் செல்லவோ கூடாது என்கிறது. தோட்டாவுக்கும் இதே விதிதான். ‘வைத்திருக்க’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சுட்டால்தான் குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. பரணில் சும்மா கிடந்தாலும் வைத்திருப்பதுதான்.

25-வது பிரிவு தண்டனையைச் சொல்கிறது. சாதாரணத் துப்பாக்கியை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், முன்பு ஓர் ஆண்டு முதல் மூன்று ஆண்டு வரை சிறை. 2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது இரண்டு ஆண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. அபராதமும் உண்டு. இராணுவம் பயன்படுத்தும் வகைத் துப்பாக்கிகள் போன்ற தடை செய்யப்பட்ட ஆயுதம் என்றால் ஏழு ஆண்டு முதல் பதினான்கு ஆண்டு வரை போகும்.

நம் கதையில் வரும் மகனுக்கு இந்த எண்கள் எதுவும் தெரியாது. சொல்வதற்கு ஆளும் இல்லை. இருந்தாலும் வழக்கு அவர் மேல்தான்.

தங்கம் கொண்டுவந்தவர் கதை

“எனக்குச் சட்டம் தெரியாது” என்று சொன்ன ஒருவரின் உண்மையான வழக்கு உண்டு. இது துப்பாக்கி வழக்கு அல்ல, தங்க வழக்கு. ஆனால் வக்கீல்கள் இன்றும் எடுத்துச் சொல்லும் வழக்கு.

1962 நவம்பர் மாதம். ஜெர்மனி நாட்டுக்காரர் ஒருவர் சுவிட்சர்லாந்தில் உள்ள சூரிக் நகரத்தில் விமானம் ஏறினார். அவர் போக வேண்டிய இடம் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா. விமானம் வழியில் பம்பாயில் நின்றது. அந்த ஊரின் பெயர் இப்போது மும்பை. அவர் விமானத்தை விட்டு இறங்கவே இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். அதிகாரிகள் ஏறிச் சோதித்தார்கள். அவர் போட்டிருந்த சட்டைக்குள் சிறப்பாகத் தைத்த பைகள். அந்தப் பைகளில் 34 கிலோ தங்கம்!

இந்தியா வழியாகத் தங்கம் கொண்டுபோகிறவர்கள், அதை விமானத்தின் சரக்குப் பட்டியலில் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஒரு புதிய உத்தரவு போட்டிருந்தது. அந்த உத்தரவு நவம்பர் 24 அன்று இந்திய அரசிதழில் வெளியானது. அரசிதழ் என்பது அரசு தன் சட்டங்களையும் உத்தரவுகளையும் அச்சிட்டு வெளியிடும் இதழ். அவர் சூரிக்கில் விமானம் ஏறியது நவம்பர் 27. மூன்றே நாள் இடைவெளி.

“மூன்று நாளைக்கு முன் டெல்லியில் அச்சடித்தது சூரிக்கில் இருந்த எனக்கு எப்படித் தெரியும்?” இதுதான் அவர் தரப்பு வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1965-ல் வந்த தீர்ப்பில் நீதிபதிகளுக்குள்ளேயே கருத்து ஒன்றாக இல்லை. ஒரு நீதிபதி, குற்ற எண்ணம் இல்லாதவரைத் தண்டிக்கக் கூடாது என்றார். ஆனால் பெரும்பான்மை நீதிபதிகள் வேறு மாதிரி முடிவு செய்தார்கள். அரசிதழில் வெளியாகிவிட்டால் போதும், உத்தரவு அமலுக்கு வந்துவிட்டது, தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது என்றார்கள். குற்றம் உறுதியானது. ஆனால் தண்டனையை, அவர் ஏற்கெனவே சிறையில் இருந்த காலத்தோடு முடித்துவிட்டார்கள்.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. சட்டம் தெரியாது என்பது குற்றத்திலிருந்து காப்பாற்றவில்லை. ஆனால் தண்டனையின் அளவு வேறு விஷயம். அதைப் பின்னால் பார்ப்போம்.

ஏன் இப்படி?

எல்லோருக்கும் எல்லாச் சட்டமும் தெரியும் என்று அரசு நினைக்கிறதா? இல்லை. அப்படி யாரும் நினைக்க முடியாது. 1979-ல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் இதைச் சொல்லியிருக்கிறது. எல்லோருக்கும் சட்டம் தெரியும் என்று நாம் எடுத்துக்கொள்வதில்லை, தெரியாததை ஒரு சாக்காக ஏற்றுக்கொள்வதில்லை, அவ்வளவுதான் என்பது அதன் கருத்து.

யோசித்துப் பாருங்கள். தெரியாது என்ற சொல்லுக்கு விடுதலை கிடைக்கும் என்றால் யார்தான் தெரியும் என்பார்கள்? கள்ளத் துப்பாக்கி விற்கிறவனும் தெரியாது என்பான். அதை வாங்கி ஆளைச் சுட்டவனும் தெரியாது என்பான். அவன் மனத்துக்குள் புகுந்து யார் பார்ப்பது? சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர் மாட்டிக்கொள்வார். காதைப் பொத்திக்கொண்டவர் தப்பித்துவிடுவார்.

இந்த நியாயத்தை மறுக்க முடியாது. ஆனால் இது எல்லோர் மேலும் ஒரே எடையில் விழுவதில்லை. படித்த பணக்காரருக்கு வக்கீல் இருக்கிறார், கணக்குப்பிள்ளை இருக்கிறார். தேதி முடியும் முன்பே அவர்கள் நினைவுபடுத்துவார்கள். மலைக்கிராமத்து விவசாயிக்கு யார் நினைவுபடுத்துவார்கள்? லைசென்ஸ் புத்தகம் பல வீடுகளில் ஆங்கிலத்தில் இருக்கும். அதைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள். மகன் ஐந்து வருடம் அந்தப் புத்தகத்தைத் துணியில் சுற்றிக் காப்பாற்றினார். அதன் உள்ளேயே முடிவுத் தேதி எழுதியிருந்தது.

இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இந்த விதி எழுதப்பட்டிருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் வந்திருக்கிறது. அதன் 14, 17-வது பிரிவுகளிலும் அதே விதி தொடர்கிறது. நடந்த விஷயத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு நல்லெண்ணத்தோடு ஒருவர் ஒரு காரியம் செய்தால் அது மன்னிக்கப்படலாம். சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால் மன்னிப்பு இல்லை.

பையில் இருந்தது தெரியாது

இனி பஸ்ஸில் போனவரைப் பார்ப்போம். அவருக்கு வழி உண்டு.

1972-ல் உச்ச நீதிமன்றம் ஒரு துப்பாக்கி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒருவர் ‘வைத்திருந்தார்’ என்று சொல்ல வேண்டுமானால், அந்தப் பொருள் தன்னிடம் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதன் மேல் அவருக்குக் கட்டுப்பாடும் இருக்க வேண்டும். தெரியாமல் மடியில் இருந்தது வைத்திருந்தது ஆகாது. இப்படித் தெரிந்து வைத்திருப்பதைத்தான் வக்கீல்கள் ‘அறிந்த உடைமை’ என்ற பொருளில் பேசுவார்கள். 1994-லும் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய வழக்கில் இதையே உறுதி செய்தது.

அதே 1972 தீர்ப்பில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. துப்பாக்கி கையில்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை. ஒருவர் தன் துப்பாக்கியை ரிப்பேருக்கு இன்னொருவரிடம் கொடுத்திருக்கிறார் என்று வையுங்கள். கேட்டால் திரும்ப வரும். அப்படியானால் அது இன்னும் அவருடைய கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. ‘என் வீட்டில் இல்லையே’ என்று சொல்லித் தப்ப முடியாது.

விமான நிலையங்களில் ஒரு விஷயம் அடிக்கடி நடக்கிறது. பெட்டியைச் சோதிக்கும் இயந்திரத்தில் ஒரே ஒரு தோட்டா தெரியும். துப்பாக்கி இருக்காது. விசாரித்தால் அது அப்பாவின் பழைய பையாக இருக்கும். அல்லது லைசென்ஸ் வைத்திருக்கும் அண்ணனின் பையாக இருக்கும். பையின் மூலையில் எப்போதோ விழுந்த தோட்டா. இப்படிப்பட்ட பல வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. தோட்டா இருப்பது அவருக்குத் தெரிந்ததற்கு ஆதாரம் இல்லை என்பதுதான் காரணம். ஆனால் அதற்குள் அந்தப் பயணி கைதாகி, ஜாமீன் வாங்கி, வக்கீல் வைத்து, உயர் நீதிமன்றம் வரை போயிருப்பார். கடைசியில் வழி இருக்கிறது என்பதற்காக நடுவில் படும் பாடு குறைவதில்லை.

பஸ்ஸில் போனவரும் தெரியாது என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. நீதிமன்றம் சூழ்நிலையைப் பார்க்கும். பை யாருடையது? போலீசைப் பார்த்ததும் அவர் ஓடினாரா? பையை இருக்கைக்கு அடியில் தள்ளினாரா? கொடுத்தவர் பெயரைச் சொன்னாரா? போய்ச் சேர வேண்டிய ஆளின் பெயர் தெரியுமா? துணிப்பை துணியின் எடைதான் இருந்ததா? இதையெல்லாம் வைத்துத்தான் அவர் மனத்தில் இருந்ததை முடிவு செய்வார்கள். தெரிந்து வைத்திருந்தார் என்பதைக் காட்ட வேண்டிய பொறுப்பு அரசுத் தரப்பின் மேல் இருக்கிறது.

வீட்டில் நாலு பேர் இருந்தால்?

இது பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. கணவர் எங்கிருந்தோ ஒரு துப்பாக்கி கொண்டுவந்து நெல்குதிருக்குப் பின்னால் வைத்துவிட்டார். சோதனை வந்தபோது அவர் ஊரில் இல்லை. வீட்டில் மாமியாரும் மனைவியும் இருக்கிறார்கள். யார் மேல் வழக்கு?

ஒரே கூரையின் கீழ் இருப்பதாலேயே எல்லோரும் குற்றவாளி ஆக மாட்டார்கள். துப்பாக்கி இருந்த இடம் யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது, யாருக்குத் தெரியும் என்பதைக் காட்ட வேண்டும். பூட்டிய பெட்டி என்றால் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்பார்கள். பொது இடம் என்றால் ஒருவர் மேல் மட்டும் சுமத்துவது கஷ்டம். மனைவிக்கு அது இருப்பதே தெரியாது என்றால், அது பஸ்ஸில் போனவரின் ‘தெரியாது’ போன்றது. அவர் அதைத் தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் கணவரைக் காப்பாற்றுவதற்காக, “நான்தான் வைத்தேன்” என்று சொல்லிவிடுகிற பெண்களும் இருக்கிறார்கள். அந்த வார்த்தை எங்கே கொண்டுபோய் விடும் என்று வக்கீலிடம் கேட்காமல் யாரும் அதைச் சொல்ல வேண்டாம்.

கொல்லருக்கு ஒரு சொல்

கலப்பைக்கு முனை அடிக்கும் கொல்லரிடம் ஒருவர் வருகிறார். “இதன் விசை இறுகிவிட்டது. கொஞ்சம் தட்டிக் கொடுங்கள்” என்கிறார். கொல்லர் தட்டிக் கொடுத்து இருபது ரூபாய் வாங்குகிறார். மண்வெட்டிக்குக் காம்பு போட்டது போலத்தான் அவர் இதையும் நினைக்கிறார்.

ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு துப்பாக்கி செய்வதற்கு மட்டும் அல்ல, ரிப்பேர் பார்ப்பதற்கும் லைசென்ஸ் வேண்டும் என்கிறது. இல்லாமல் செய்தால், 2019 திருத்தத்தின்படி குறைந்தது ஏழு ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரை போகலாம். பரணில் வைத்திருந்தவருக்கு இரண்டு ஆண்டு. விசையைத் தட்டிக் கொடுத்தவருக்கு ஏழு ஆண்டு. பலர் இதை நம்ப மாட்டார்கள். ஆனால் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. துப்பாக்கி என்று தெரிந்துதான் கொல்லர் கையில் வாங்கினார். ஆகவே அவருடைய ‘தெரியாது’ முதல் வகை ‘தெரியாது’.

காதில் விழும் பேச்சுகள்

“குடகில் யாருக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாமாமே!” என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் குடவ இன மக்களுக்கும், ஜம்மா என்ற பழைய வகை நில உரிமை உள்ளவர்களுக்கும் மத்திய அரசு ஒரு விலக்கு கொடுத்திருக்கிறது. 2019-ல் அதைப் பத்து ஆண்டுகளுக்கு நீட்டித்தது. அது அவர்களுக்கு மட்டும்தான். குடகில் கூலி வேலைக்குப் போனவருக்கும் அது கிடையாது. பக்கத்து மாவட்டத்துக்காரருக்கும் கிடையாது.

“காற்றுத் துப்பாக்கிக்கு ஒன்றும் தேவை இல்லை” என்பது இன்னொரு பேச்சு. திருவிழாவில் பலூன் சுடும் சிறிய வகைக்குச் சரி. ஆனால் வலு அதிகமான காற்றுத் துப்பாக்கிகளுக்கு 2016-ல் வந்த விதிகளின்படி லைசென்ஸ் வேண்டும். கடைக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

லத்தி, ஊன்றுகோல், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்ட கருவிகள் ஆகியவை ஆயுதம் அல்ல என்று சட்டமே சொல்கிறது. கதிர் அரிவாளுக்காக யாரும் பயப்பட வேண்டாம். அதைக் கொண்டு ஆளை வெட்டினால் அது வேறு சட்டம்.

இன்னொன்று. துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தாலும் காட்டுப் பன்றியைச் சுட அது அனுமதி அல்ல. அதற்கு வனத்துறைச் சட்டம் தனி. விரட்டுவது வேறு, கொல்வது வேறு.

வக்கீல் வீட்டில்

மகன் ஜாமீனில் வந்த பிறகு அம்மாவோடு வக்கீலைப் பார்க்கப் போனார் என்று வைத்துக்கொள்வோம்.

“ஐயா, என் பிள்ளை ஒரு ஈ எறும்புக்குக் கூடத் தீங்கு செய்யாதவன். தெரியாமல் நடந்துவிட்டது என்று நீதிபதியிடம் சொன்னால் விடமாட்டாரா?” என்று அம்மா கேட்டார்.

“அம்மா, அதைச் சொல்லலாம். ஆனால் எங்கே சொல்வது என்று இருக்கிறது. குற்றம் செய்தாரா இல்லையா என்று பார்க்கும்போது அது எடுபடாது. எவ்வளவு தண்டனை என்று பார்க்கும்போது எடுபடும்.”

“அப்படியென்றால்?”

“இது அப்பாவின் லைசென்ஸ் துப்பாக்கி. கள்ளச் சந்தையில் வாங்கியது அல்ல. அப்பா பேரில் இருந்த புத்தகத்தையும் இவரே எடுத்துக் கொடுத்திருக்கிறார். தோட்டா, மருந்து எதுவும் வீட்டில் இல்லை. இதற்கு முன் எந்த வழக்கும் இல்லை. இதெல்லாம் நமக்கு உதவும். சிறப்பான காரணம் இருந்தால், அதைத் தீர்ப்பில் எழுதித் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. குறைப்பார் என்று நான் உறுதி சொல்ல முடியாது.”

மகன் கேட்டார்: “துப்பாக்கி சுடுமா சுடாதா என்றே எனக்குத் தெரியாதுங்க. துருப்பிடித்துக் கிடந்தது.”

“அதையும் நிபுணரிடம் அனுப்பிப் பார்ப்பார்கள் தம்பி. இன்னொன்றும் நாம் பார்க்க வேண்டும். இந்த வகை வழக்கு நடத்த மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும். சட்டத்தின் 39-வது பிரிவு. அந்த அனுமதி முறையாக வாங்கினார்களா என்று பார்க்கலாம்.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “உங்களுக்குக் கொடுக்கப் பணம் இல்லைங்க ஐயா. சோளம் விற்றதுதான் இருக்கிறது.”

“நான் இலவசச் சட்ட உதவிக் குழுவில் இருக்கிறேன் அம்மா. மனு எழுதுங்கள். பணம் வேண்டாம்.”

இந்த இலவசச் சட்ட உதவி ஒருவர் கருணையால் கொடுப்பது அல்ல. 1987-ல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி கிடைப்பது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோர் கேட்டுப் பெறலாம். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் இதற்கு அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

அப்பா இறந்த மறுமாதமே செய்திருக்க வேண்டியது

லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. நிலம், மாடு போல இது பிள்ளைக்குத் தானாக வராது. இப்போது ஒரு லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்குக் கொடுக்கப்படுகிறது. அதற்குள் புதுப்பிக்க வேண்டும். வைத்திருந்தவர் இறந்தாலோ, காலம் முடிந்தாலோ, அரசு ரத்து செய்தாலோ, வீட்டில் இருக்கும் துப்பாக்கியைத் தாமதம் இல்லாமல் ஒப்படைக்க வேண்டும். பக்கத்துக் காவல் நிலையத்தில் கொடுக்கலாம். லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலும் கொடுக்கலாம். 21-வது பிரிவு இதைச் சொல்கிறது.

ஒப்படைத்தால் துப்பாக்கி போய்விடுமோ என்று பலர் தயங்குகிறார்கள். போகாது. வாரிசு தன் பேரில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால், குறித்த காலத்துக்குள் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் லைசென்ஸ் உள்ள ஒருவருக்கு விற்றுவிடலாம். பயிரைக் காப்பாற்ற மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் கேட்பதற்குச் சட்டத்திலேயே தனி இடம் இருக்கிறது. ஆனால் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் வழியே ஸ்டேஷனுக்கு நடப்பதும் ஆபத்துதான். லைசென்ஸ் உள்ளவர் உயிரோடு இருந்தால், ரிப்பேருக்கோ புதுப்பிக்கவோ அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு இன்னொருவர் எடுத்துப் போகலாம். அவர் இறந்துவிட்டால் எழுதிக் கொடுக்க ஆள் இல்லை. ஆகவே முதலில் வெறுங்கையோடு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். ‘என் தகப்பனார் இந்தத் தேதியில் இறந்தார், அவருடைய துப்பாக்கி வீட்டில் இருக்கிறது, ஒப்படைக்க விரும்புகிறேன்’ என்று மனு எழுதிக் கொடுக்க வேண்டும். இறப்புச் சான்றிதழின் நகலும் லைசென்ஸ் புத்தகத்தின் நகலும் சேர்க்க வேண்டும். மனுவின் இன்னொரு நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். பஞ்சாயத்துத் தலைவரையோ ஊர்ப் பெரியவரையோ கூட அழைத்துப் போவது நல்லது.

பிறகு அவர்கள் சொல்லும் முறைப்படி துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு ரசீது கேட்க வேண்டும். கேட்காமல் வரக் கூடாது. ரசீதைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று படிக்க வேண்டும். துப்பாக்கியின் மேல் வெட்டியிருக்கும் எண்ணும் ரசீதில் உள்ள எண்ணும் ஒன்றா? தேதி இருக்கிறதா? வாங்கியவரின் கையெழுத்து இருக்கிறதா? ஓர் எண் மாறியிருந்தாலும் திருத்தித் தரச் சொல்லிக் கேட்கலாம்.